லீவுக்கு வந்தவள்

இந்துஜா ஊருக்குத் திரும்பியது மழைக்காலத்தில். இப்போது மாமரங்கள் பூ உதிர்ந்து பிஞ்சு பிடித்துவிட்டன. அவள் அம்மா இன்னும் பார்ப்பவர்களிடமெல்லாம், "லீவுக்கு வந்திருக்காளாக்கும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஜார்ஜியாவில் அவள் மருத்துவம் படித்த கல்லூரி, மூன்றாம் ஆண்டு தொடங்கிய வேகத்தில் வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கும் உரிமையை இழந்தது. ஒரு திங்கட்கிழமை வகுப்புக்குப் போனால் கதவு பூட்டியிருந்தது. வேறு கல்லூரிக்கு மாறிக்கொள்ளுங்கள் என்பதற்கு மேல் அலுவலகத்தில் யாரும் வாய் திறக்கவில்லை. அவளும் அறைத் தோழி மார்த்தாண்டத்துக்காரி ரெஜிஷாவும் குளிரில் கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கினார்கள். முதல் வருடப் படிப்பை மட்டும் கணக்கில் எடுப்போம் என்றது ஒன்று. அதுவும் முடியாது, முதலிலிருந்து படி என்றது இன்னொன்று. சேர்த்துவிட்ட ஏஜென்ட் போனை எடுப்பதே இல்லை. விசா முடியப்போகும் நேரத்தில் இந்துஜா விமானம் ஏறினாள்.

அப்பா கிருஷ்ணமணி அஞ்சுகிராமத்தில் உரக்கடை வைத்திருந்தார். திருவனந்தபுரத்திலிருந்து காரில் வரும்போது அவர் பேசியது ஒன்றுதான்.

"ஊர்ல யார்ட்டயும் ஒண்ணும் சொல்லாண்டாம். நான் வேற காலேஜ் பாக்கேன். அதுவர லீவுன்னே இருக்கட்டும்."

டாக்டருக்குப் படிக்கிற பிள்ளை வீட்டில் இருக்கிறாள் என்று தெரிந்ததும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். சர்க்கரை ரிப்போர்ட், எக்ஸ்ரே, பாதி தீர்ந்த மாத்திரை அட்டை. நான் இன்னும் படித்து முடிக்கவில்லை என்று அவள் சொன்னால், அடக்கமான பிள்ளை என்று புகழ்ந்தார்கள். மூன்றாம் வருடத்தில்தான் ஆஸ்பத்திரிக்குள் விடுவதாக இருந்தது. ரப்பர் பொம்மையின் நெஞ்சில் தவிர அவள் ஸ்டெதஸ்கோப்பை வைத்ததில்லை. இது யாருக்கும் தெரியாது. அப்பாவோ கடைக்கு வருபவர்களையும் வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்.

"அப்பா, எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா. யாரையும் அனுப்பாதீங்க."

"பிரஷர் பாக்கத் தெரியாதா?"

"பிரஷர் பாக்கத் தெரியும்."

"பின்ன?"

அவள் அறைக்குள் போய்க் கதவை அடித்துச் சாத்தினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அவள் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது பக்கத்து வீட்டு முத்துக்கனி அத்தை வேகமாக வந்தாள்.

"ஏட்டி இந்து, மாமாவுக்கு வாயு பிடிச்ச மாதிரி இருக்கு. வந்து ஒரு பார்வ பாரு."

சுயம்புலிங்கம் மாமா முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பனியன் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. இடது தோளைப் பிடித்துக்கொண்டு, தாடையும் வலிக்கிறது என்றார். நெஞ்சில் தைலம் தேய்த்த வாசனை. முகம் சாம்பல் பூத்திருந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போணும். இப்பவே போணும் அத்த."

"நீ நல்லாப் பாத்துச் சொல்லு மக்கா. நான் விடியும்போதே போலாம்னுதான் சொன்னேன். நம்ம டாக்டரம்மா பக்கத்துலதான இருக்கா, அவ முழிக்கட்டும், அவகிட்ட கேட்டுட்டுப் போவோம்னு இவருதான் சொல்லிட்டாரு."

இந்துஜா நேரம் கழித்து எழுந்திருந்தாள். எழுந்து என்ன செய்ய என்றுதான் தினமும் படுத்துக் கிடப்பது. அவ்வளவு நேரமும் இந்த மனுஷன் வலியோடு இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்.

"நான் டாக்டர் இல்ல!" என்று கத்தினாள். தெருவில் போனவர்கள் நின்றார்கள். "காலேஜ மூடிட்டாங்க. நான் லீவுக்கு வரல, படிப்பு நின்னு போச்சு! எனக்கு எதுவும் தெரியாது. இவருக்கு நெஞ்சு அடைக்குது. யாராவது வண்டிய எடுங்க!"

மதிலுக்கு அந்தப் பக்கம் அப்பா நின்றுகொண்டிருந்தார். அவளைப் பார்த்த பார்வையில் அடி விழுவது போலிருந்தது. ஆனால் அடுத்த நிமிஷம் காரை எடுத்துக்கொண்டு வந்தவர் அவர்தான்.

நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் மாமாவை உள்ளே கொண்டுபோனார்கள். கழுத்தில் ஸ்டெதஸ்கோப் போட்டிருந்த ஒரு பெண் வெளியே வந்தாள். இந்துஜாவின் வயதுதான் இருக்கும். வலி எப்போது தொடங்கியது, என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு, "நீங்க யாரு?" என்றாள்.

"பக்கத்து வீடு" என்றாள் இந்துஜா.

மாமா பிழைத்தார். அடைப்பை எடுத்து ஸ்டென்ட் வைத்தார்கள். வலி வந்ததும் கொண்டுவந்திருந்தால் இதயத்தில் இவ்வளவு சேதம் இருந்திருக்காது, இனி பாரமான வேலை எதுவும் கூடாது என்றார் பெரிய டாக்டர்.

திரும்பி வரும் வழியில் சுசீந்திரம் தாண்டியபிறகு அப்பா, "அத நாலு பேரு நிக்கும்போதுதான் சொல்லணுமா?" என்றார்.

"அவரு நான் முழிக்கதுக்காகக் காத்திருந்தாருப்பா."

"உஸ்பெகிஸ்தான்ல ஒரு காலேஜ் சொல்லுகாங்க. முதல்ல இருந்து படிக்கணுமாம்."

"நான் போகமாட்டேன்."

"பின்ன என்ன செய்யப் போறே?"

ஆத்திரத்தில் அழுகை வந்தது. கண்ணாடியை இறக்கி முகத்தை வெளியே நீட்டிக்கொண்டாள்.

மாமா வீட்டுக்கு வந்த அன்று பார்க்கப் போனாள். அவர் தூங்கிக்கொண்டிருந்தார். அத்தை திட்டுவாள் என்று நினைத்தாள். அத்தை திட்டவில்லை. சுக்குக்காப்பியை அவள் கையில் கொடுத்துவிட்டு, "முன்னாலயே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேட்டி" என்று மட்டும் சொன்னாள். காப்பியைக் குடிக்க முடியவில்லை.

ஆனி மாதம் நாகர்கோவிலில் லேப் டெக்னாலஜி படிப்பில் சேர்ந்தாள். அம்மாதான் கூட வந்தாள். அப்பா தடுக்கவும் இல்லை, வரவும் இல்லை. இப்போது கடையில் யாராவது மகளைப் பற்றிக் கேட்டால், மூட்டையை எண்ணுவது போலத் திரும்பிக்கொள்கிறார் என்று அம்மா சொன்னாள்.

வகுப்பில் எல்லாரும் அவளை அக்கா என்றார்கள். முதல் பாடம் ரத்த அணுக்கள். வேறொரு நாட்டில், கை விறைக்கும் குளிரில், இரவெல்லாம் முட்டி மோதிப் படித்துத் தேறிய பாடம். ஆசிரியர் கரும்பலகையில் மெதுவாகப் படம் வரைந்தார். அந்த நிதானத்தை அவளால் தாங்க முடியவில்லை. எழுந்து வெளியே போய்விடலாமா என்றிருந்தது. பக்கத்தில் இருந்த சின்னப் பெண், "அக்கா, அது என்ன ஸ்பெல்லிங்?" என்று கேட்டாள்.

இந்துஜா பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிக்கொடுத்தாள்.