நாவலில் இல்லாத நாத்தனார்

மருமகள் எழுதிய நாவல் வீட்டுக்கு வந்த அரை மணி நேரத்தில், மாமியார் அதைக் கத்தரிக்கோலால் நான்கு துண்டாக வெட்டிவிட்டார்.

எல்லாம் அவசரம்தான். பதிப்பகம் முன்கூட்டியே அனுப்பியது ஒரே ஒரு பிரதி. படிக்கத் துடித்தவர்களோ நான்கு பேர். திரைச்சீலையும் மெத்தை உறையும் தைத்து விற்கும் குடும்பத்தில் கத்தரிக்கோலுக்கா பஞ்சம்? துணி வெட்டும் மேசையில் புத்தகத்தைப் படுக்க வைத்து, முதுகோடு சேர்த்து அறுத்து, ஆளுக்கொரு துண்டு கொடுத்துவிட்டார்.

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை முடித்து வந்த மருமகள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அத்தை, அது என் முதல் நாவல்."

"நல்லாத்தான் இருக்கு. என்கிட்ட கடைசித் துண்டு. அந்தக் கிழவி செத்துட்டா. யாரு அவ?"

மருமகள் செருப்பைக் கழற்றும் சாக்கில் குனிந்துகொண்டாள். நாவலில் வருவது ஒரு தையல்காரக் குடும்பம். பெயர்களை மாற்றியிருந்தாள், வீட்டுக்கு வேறு வண்ணம்கூட அடித்திருந்தாள். ஆனாலும் அந்தக் கிழவி பீரோ சாவியைத் தலையணைக்குள் வைத்துத் தைத்துக்கொண்டு எல்லோரையும் ஆட்டிப் படைப்பவள். இந்த வீட்டில் யாருக்குத்தான் அடையாளம் தெரியாது?

இரண்டு நாளில் நான்கு துண்டும் கை மாறி முடிந்தது. சனிக்கிழமை காலை சண்டை வெடித்தது.

"அந்தக் கொடுமைக்காரி நான்தான்" என்றார் மாமியார், நெஞ்சை நிமிர்த்தி. "சாவியைத் தலையணைக்குள்ள தைச்சது யாரு? நான்."

"சாவி உன்னுது. வாய் என்னுது" என்றார் கூடவே வசிக்கும் அவருடைய தங்கை, சின்ன அத்தை. "அவ பேசுற பேச்சு அத்தனையும் நான் பேசினது. கடைசியில ஊரே அழுவுதே, அது எனக்குத்தான்."

"உனக்கு யாருடி அழுவா?"

கணவன் மெதுவாகத் தலையை நீட்டினான். "எப்பப் பார்த்தாலும் தூங்கிக்கிட்டே இருக்கானே மூத்த மகன், அவன் யாரு?"

எல்லோரும் அவனையே பார்த்தார்கள்.

மருமகளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. சிரிக்கப் போனவள், நாத்தனாரின் வாடிய முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். கடையை நடத்துவது நாத்தனார்தான். எங்கே போனாலும் அளவு நாடா கழுத்தில் தொங்குவதால் வீட்டில் அவள் பெயர் டேப்பு. மறுநாள் புத்தக வெளியீட்டைக் கடையிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றவளும் அவள்தான். முதலில் பேசப் போகிறவளும் அவள்தான்.

"நாளைக்கு நான் பேசலை" என்று எழுந்தாள் டேப்பு. "வேற யாரையாவது பாருங்க."

மருமகள் பின்னாலேயே தையல் அறைக்கு ஓடினாள். மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"டேப்பு, மெஷினை நிறுத்து."

"ஆர்டர் இருக்கு அண்ணி."

"ஊசியில நூலே இல்லை."

மெஷின் நின்றது.

"நாலு துண்டையும் வாங்கி வரி விடாமப் படிச்சேன்" என்றாள் டேப்பு. "அம்மா இருக்காங்க. தூங்குமூஞ்சி அண்ணன் இருக்கான். பூனை ரெண்டு அத்தியாயம் வருது. நான் இல்லை. அந்த வீட்ல பொண்ணே பிறக்கலை. முதுகு வலிக்குதுன்னு உங்க நாற்காலிக்கு மெத்தை தைச்சுக் கொடுத்தேனே, அது மேல உக்காந்துதானே மொத்த நாவலையும் எழுதினீங்க? திட்டியாவது எழுதியிருக்கலாம்."

மருமகள் துணிக் கட்டின் மேல் உட்கார்ந்தாள். "உன்னை எழுத வரலைடி. கதைக்குள்ள ஒருத்தரைக் கொண்டுவரணும்னா அவங்க மேல கொஞ்சமாவது ஆத்திரம் வேணும். உன்மேல எனக்கு என்ன இருக்கு?"

"பொய். இத்தனை வருஷம் ஒரே வீட்ல இருந்துட்டு ஆத்திரம் இல்லாம எப்படி இருக்கும்? எனக்கு உங்க மேல ஒரு மூட்டை இருக்கு."

"என்ன மூட்டை?"

"முதல்ல உங்க மூட்டையை அவிழுங்க."

பேச ஆரம்பித்த மருமகளுக்கு அடக்க முடியவில்லை.

"இந்த வீட்ல எல்லாரையும் எல்லாரும் வேலை வாங்குறீங்க. சின்னத்தைக்கு முட்டி வலின்னாலும் பட்டன் தைச்சாகணும். என்னை மட்டும் 'நீங்க உக்காருங்க அண்ணி'ன்னுட்டு நகர்ந்துடுற. தட்டைக் கழுவப் போனா பிடுங்கிக்கிற. இருக்கிறதுலயே நல்ல நாற்காலியை என் பக்கம் தள்ளுற. கல்யாணம் ஆகி வந்த புதுசுல சரி. இன்னமும் நான் விருந்தாளியா? இது என் வீடு இல்லையா?"

டேப்பு வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். "மரியாதைன்னு நினைச்சுல்ல செஞ்சேன்?"

"மரியாதைதான். அதுதான் எரிச்சல். சரி, உன் மூட்டை என்ன?"

டேப்பு அளவு நாடாவை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். "நீங்க இந்த வீட்ல ஒரு துரும்பைக்கூடத் தூக்கிப் போடுறதில்லைன்னுதான்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முதலில் சிரித்தது யார் என்று பிறகு அவர்களுக்கே தெரியவில்லை. டேப்பு மெஷின் மேலேயே கவிழ்ந்துவிட்டாள். மாமியார் கதவிடுக்கில் எட்டிப் பார்த்தார்.

"என்ன, சண்டையா?"

"ஆமாம்மா" என்றாள் டேப்பு, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "முதல் சண்டை."

"அப்ப கதவைத் திறந்து வச்சுப் போடுங்க. எனக்கு ஒண்ணும் காதுல விழலை."

மறுநாள் கடை நிரம்பிவிட்டது. துணி ரோல்களையெல்லாம் சுவரோரம் சாய்த்து, நடுவில் நாற்காலி போட்டிருந்தார்கள். புது உடையில் வந்த மருமகளை டேப்பு மேலும் கீழும் பார்த்தாள்.

"அழகா இருக்கீங்க அண்ணி. போய்ப் பரண்ல இருக்கிற ஸ்டூலையெல்லாம் இறக்குங்க, உக்கார இடம் பத்தலை. அப்படியே மேடைக்குப் பின்னாடி திரை கோணலாத் தொங்குது, அதையும் சரி பண்ணிடுங்க."

பதிப்பாளர் பதறி எழுந்தார். "அம்மா, அவங்கதான் ஆசிரியர்."

"நீங்க உக்காருங்க சார். வந்தவங்க எல்லாம் உக்காரலாம்."

மருமகள் ஏற்கெனவே பரணுக்குப் பாதி ஏறியிருந்தாள்.

டேப்பு மைக்கைப் பிடித்தாள். "இந்த நாவல்ல நான் இல்லை. தேடாதீங்க. அடுத்த நாவல்ல கொடுமைக்காரி நான்தான். பேசி முடிச்சாச்சு."

முன்வரிசையிலிருந்து மாமியாரும் சின்ன அத்தையும் ஒரே குரலில் ஆட்சேபித்தார்கள். கூட்டம் சிரித்து அடங்கியதும் டேப்பு திரும்பிப் பார்த்தாள். மேடைக்குப் பின்னால், ஏணியின் உச்சியில், கையெல்லாம் தூசியோடு மருமகள் திரையைக் கம்பியில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, எல்லாரும் உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்காங்க. ஒரு கொக்கி மாட்ட இவ்வளவு நேரமா?"

"வந்து நீயே மாட்டிப் பாரேன்" என்றாள் மருமகள், வாயில் இருந்த கொக்கியை எடுத்துவிட்டு.