இந்த வருடத்து எழுத்து

வெள்ளி வேலைக்குப் பேர்போன ஸ்கூன்ஹோவன் ஊரில், செத்துப்போன ஒரு குழந்தையின் வெள்ளிக் கரண்டியில், அது எந்த வருடத்து வெள்ளி என்று சொல்லும் முத்திரை எழுத்து ஜனவரிக்கு ஜனவரி தானாக மாறிக்கொண்டிருந்தது. முதல் தடவை மாறிய வருடம் விலாங்கு மீன் விலை ஏறியிருந்தது, லெக் ஆறு உறையவில்லை.

குழந்தை லைஸ்பெத்தின் தலைச்சன் மகள். அப்பாவைப் பெற்ற பாட்டியின் பெயரான ஹில்லெகொந்தாவையே வைத்து, அந்தப் பாட்டியே கரண்டியும் செய்யச் சொல்லிக் கொடுத்தாள். பிடியில் பெயரும் பிறந்த தேதியும். மூன்றாம் மாதம் கக்குவான் இருமல் கொண்டுபோய்விட்டது. லைஸ்பெத் அழவில்லை. அடக்கம் முடிந்ததும் கணவன் தியூனிஸின் பழைய வெள்ளிக் கடையில் உட்கார்ந்து லென்ஸைக் கண்ணில் வைத்துக்கொண்டாள். முத்திரையில் நிற்கிற சிங்கம் என்றால் உயர்ந்த வெள்ளி, நடக்கிற சிங்கம் என்றால் ஒரு படி மட்டம். தலைக்கவசம் போட்ட பெண்முகம் அரசாங்கச் சோதனை முடிந்ததைச் சொல்லும், குட்டி எழுத்து அது எந்த வருடம் என்று சொல்லும். வேலை பிசகவில்லை. மனசு மட்டும் மரத்துக் கிடந்தது. பசித்தால் சாப்பிட்டாள், அவ்வளவுதான்.

கரண்டியில் எழுத்து மாறியிருப்பதை அவள்தான் முதலில் பார்த்தாள். தியூனிஸுக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. பெயரும் தேதியும் பழசு, எழுத்து புதுசு என்றால் அந்தத் தொழிலில் ஒரே அர்த்தம்தான்: எவனோ ஏமாற்றியிருக்கிறான். முத்திரை அடிக்கிற சோதனைச் சாலைக்கு எடுத்துப்போனான். அதிகாரி இரண்டு தரம் பார்த்துவிட்டு, முத்திரை அசல், இந்த வருடத்து அச்சு, நாங்கள் அடிக்கவில்லை என்பது ஒன்றுதான் குறை என்று சொல்லிக் காப்பி குடிக்கப் போய்விட்டார். மூன்றாவது ஜனவரியில் வேடிக்கை பார்க்கக்கூட யாரும் வரவில்லை.

அந்த வசந்தத்தில் இரண்டாவது மகள் பிறந்தாள். பிள்ளை பிறந்தால் கொடுக்கிற சோம்பு மிட்டாய் தூவிய ரஸ்க்கைத் தெருவே தின்றது. மாமியார் செதுக்குகிறவனைக் கையோடு கூட்டிவந்தாள்: பழைய தேதியைத் தேய்த்துவிட்டுப் புதிய தேதியை வெட்டு, பெயர் அப்படியே இருக்கட்டும்.

"போன பிள்ளை பேரை அடுத்த பிள்ளைக்கு வைக்கிறது நம்ம வழக்கம்தானே. என் பேரு என்னோடவே போகணுமாக்கும்?"

தேதி அழிந்தால் எழுத்தும் நின்றுவிடும் என்று லைஸ்பெத்துக்குப் பட்டது. நின்றால் மகள் இரண்டாம் முறை போவாள். படுக்கையில் இருந்தபடியே கையை நீட்டிக் கரண்டியை வாங்கித் தலையணைக்கடியில் வைத்தாள்.

"அந்தப் பேரு காலியா இல்ல அத்தை."

மாமியார் ஒரு வருடம் பேசவில்லை. புதுக்குழந்தைக்குத் தீனா என்று பெயர் வைத்தார்கள், வேறு கரண்டி வாங்கினார்கள். அதன் எழுத்து அசையவே இல்லை. தீனா மட்டும் வளர்ந்தாள். முதலில் பழைய கரண்டியிருந்த பெட்டியைக் காட்டி அக்கா கரண்டி என்றாள். ஆறு வயதில் தங்கச்சி கரண்டி என்று சொல்ல ஆரம்பித்தாள். யாரும் திருத்தவில்லை.

ஒரு ஜனவரியில் ராட்டர்டாம் வியாபாரி ஒருவன் அந்தக் கரண்டியைப் பார்த்து, தேதிக்கும் எழுத்துக்கும் பொருந்தவில்லையே, குறைந்த விலைக்குத் தருவாயா என்று கேட்டான். தியூனிஸ் லென்ஸை வைத்து எழுத்தைப் படித்தான்.

"விக்கிறதுக்கில்லைங்க. இதுக்குச் சொந்தக்காரி இருக்கா. இந்த வருஷம்தான் பொறந்திருக்கா."

பின்கட்டில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த லைஸ்பெத்துக்கு அது கேட்டது. அன்றைக்குத்தான் அழுதாள். அழுது முடித்து, மிச்சக் கிழங்கையும் உரித்து அடுப்பில் வைத்தாள்.