முழங்கையில் ஒரு கை

இடது கை மெல்ல ஏறி வலது முழங்கையைத் தொடவேண்டும், தொட்டால்தான் தட்டு அவனுக்குப் போகும், அதுவரை பூங்காவனம் சோற்றைப் பிடித்துக்கொண்டே நிற்பாள், ஆவி அடங்கிக் குழம்பில் ஏடு கட்டும்வரைகூட நிற்பாள், எதிரே அவளுடைய அண்ணன் தணிகாசலம், தலையெல்லாம் நரைத்துப்போனவன், ஒற்றைக் கையை நீட்டியபடி, என்ன புள்ள இது, பசிக்குது குடு என்கிறான், இந்த ஊர்ல பெரியவங்ககிட்ட இப்படித்தாண்ணே வாங்கணும் என்கிறாள், நீ எனக்குப் பெரியவளா, சோறு போடுறவ பெரியவதாண்ணே என்று அவள் சிரிக்கிறாள், அந்தச் சிரிப்பு அவளுக்கே பிடிக்கவில்லை, ஆனாலும் அதில் ஒரு ருசி இருக்கத்தான் செய்கிறது, கடைசியில் பசி ஜெயித்து அவன் இடது கை எழும்பும்போது, நீள்வது அவன் கையா, பத்தொன்பது வயதில் எல்லைக் கேட்டில் நீண்ட தன் கையா என்று அவளுக்கு மயங்கிவிடுகிறது, கண்ணை மூடினால் அந்தக் கேட், திறந்தாலும் அந்தக் கேட்.

ரங்கூனில் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது அப்பாவும் அண்ணனும் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள், அம்மாவும் அவளும் அடுத்த கப்பலில் என்றார்கள், அந்த அடுத்த கப்பல் வரவேயில்லை, அம்மா கண்ணை மூடியபிறகு அண்ணனிடமிருந்து ஆள்மூலம் சேதி வந்தது, நான் மோரேயில இருக்கேன், இந்தியாவோட கடைசி ஊர், நீ பர்மாப் பக்கம் தமுவுக்கு வந்துடு, நடந்தா அரை மணி நேரம், நான் வந்து கூட்டிக்கிறேன், அவள் பஸ்ஸும் லாரியுமாக வந்து சேர்ந்தாள், அவன் சந்தைக்கு வருகிறவன்போல அண்ணியின் எல்லை அனுமதிச் சீட்டோடு வந்தான், சீட்டில் படம் ஒட்டாத காலம், டீக்கடைக்குப் பின்னால் நிறுத்தி அவளை அண்ணியாக்கினான், லுங்கியை அவிழ்த்துப் புடவை கட்டச் சொன்னான், கன்னத்தில் பூசியிருந்த தனக்காச் சந்தனத்தைத் தன் துண்டால் அவனே தேய்த்துத் துடைத்தான், பொட்டு வைத்தான், மெல்ல நட, சிரிக்காத, கேட்டா மட்டும் தமிழ்ல பேசு, எல்லாம் சொன்னான், கையைப் பற்றி மட்டும் சொல்லவில்லை, பெரியவங்க குடுக்குறதை ஒத்தைக் கையால வாங்காதீங்க என்று பர்மாவிலேயே பிறந்து வளர்ந்த அம்மா இரண்டு பேருக்கும்தான் சொல்லிக்கொடுத்திருந்தாள், அவன் கப்பலேறியதும் மறந்துவிட்டான், அவள் எப்படி மறப்பாள், கேட்டில் இருந்தவன் தமிழர்களோடு பழகித் தமிழ் பேசுகிறவன், சீட்டைப் பார்த்தான், பொட்டைப் பார்த்தான், சரி போ என்று சீட்டைத் திருப்பி நீட்டினான், அந்த ஒரு சொல்லில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது, சாமி கையில் பிரசாதம் வாங்குகிறமாதிரி வாங்கினாள், வலது கை நீண்டது, இடது கை முழங்கையைத் தொட்டது. அவன் சீட்டை விடவில்லை. பர்மாக்காரியா என்றான், அண்ணன் பக்கம் திரும்பி, இது யார் உனக்கு என்றான், தங்கச்சி என்றால் இரண்டு பேருக்கும் ஜெயில், அவளுக்கும் அது தெரியும், இருந்தாலும் ஒரு கணம் அண்ணன் முகத்தையே பார்த்தாள், யாரோங்க, எங்க வீட்டுச் சீட்டு சந்தையில தொலைஞ்சுபோச்சு, எடுத்துவச்சிருக்கா போலிருக்கு என்றான் அண்ணன், கூசாமல் சொன்னான், சீட்டை வாங்கி மடியில் செருகிக்கொண்டு போனான், திரும்பிப் பார்க்கவேயில்லை.

கேட்டிலிருந்து திருப்பி விரட்டினார்கள், பிறகு ஐம்பது வருஷம், அதே தமுவில் அவித்த கடலை விற்றாள், காற்று இந்தப் பக்கம் வீசினால் மோரே அம்மன் கோயில் ஒலிபெருக்கிப் பாட்டு கேட்கும், அண்ணன் அங்கே திருவிழாவில் நின்றுகொண்டிருப்பான் என்று நினைத்தபடி கடலையைக் கிளறுவாள், ஒருதரம்கூட அவன் வரவில்லை, அந்தப் பக்கம் கலவரம் வந்து வீடுகள் எரிந்த அன்றைக்குத்தான் வந்தான், வெறுங்கையோடு, செருப்பில்லாமல், கூட்டத்தோடு கூட்டமாக ஓடிவந்து அவள் கடைமுன்னாலேயே விழுந்தான், யாரோ என்று இவளும் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை, வாண்ணே என்றாள், சோறு போட்டாள், ஆனால் அப்படிப் போட்டாள், தினமும் அப்படியே போட்டாள், முதலில் முறைத்தான், பிறகு அழுதான், மழைக்காலம் முடிவதற்குள் தட்டைக் கண்டாலே கை தானாக ஏறியது, தொட்டில் பழக்கம்ல, அம்மா பழக்கினதுதானே என்றுகூடச் சொன்னான், எதற்கும் இல்லை, தன் ஆத்திரத்துக்குத்தான் பழக்கினாள், சத்தியமாக வேறெதையும் யோசிக்கவில்லை, ஊர் அடங்கியது, மோரே ஆட்களை விசாரித்து உள்ளே விடுகிறார்கள் என்று சேதி வந்தது, அந்தப் பக்கம் முகாமில் அண்ணி படுத்த படுக்கை, உசிர் இருக்கையில ஒருதரம் பாத்துடணும் புள்ள என்றான், கேட்வரை கூடவே போனாள், கேட்டில் இருந்தவன் ஊருக்குப் புதியவன், தெரு எது, கோயில் எது என்று கேட்கக் கேட்க அண்ணன் தயங்காமல் சொன்னான், புதியவன் தலையாட்டினான், சரி போங்க என்று அனுமதிச் சீட்டை நீட்டினான், அவளுக்கு அப்போதுதான் உறைத்தது, வேண்டாம்ணே என்று கத்த வாயைத் திறந்தாள், அண்ணனின் வலது கை நீண்டது, இடது கை பழக்கத்தில் ஏறி முழங்கையைத் தொட்டது. அவன் சீட்டை விடவில்லை. எல்லைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்ற இவளைக் காட்டி ஏதோ கேட்டான், வரிசையில் இருந்த தமிழர் ஒருவர், ஏம்மா, இவர் ஒனக்கு யாருன்னு கேக்குறாரு என்று குரல் கொடுத்தார், அண்ணன் திரும்பி அவளைப் பார்த்தான், யாரோ என்று சொல்லேன் என்று கெஞ்சியது அந்த முகம், அந்த ஒரு சொல் போதும், அவன் போய்விடுவான், எங்க அண்ணன்ங்க, எங்கூடப் பொறந்த அண்ணன், என்றாள் பூங்காவனம், ஐம்பது வருஷம் கேட்கக் காத்திருந்த சொல்லைத் தானே உரக்கச் சொன்னாள், புதியவன் அவள் கன்னத்துத் தனக்காவைப் பார்த்தான், அண்ணனின் முழங்கையைப் பார்த்தான், சீட்டைத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான், அண்ணனின் கை நீட்டியபடியே இருந்தது, இடது கை இன்னும் இறங்கவில்லை, அவள் போய் அந்தக் கையைப் பிடித்தாள், வாண்ணே, சோறு ஆறிடும்.