கைக்கெட்டும் உயரத்தில் குலை

கடையில் நேந்திர வாழைக்குலைகள் தாழ்ந்து தொங்குவதை இசக்கிசெல்வி அன்று காலையில்தான் கவனித்தாள்.

மட்டாஞ்சேரியில் அவள் புருஷன் செல்லதுரையின் காய்கறிக் கடைக்கு அடையாளமே அந்தக் குலைகள்தான். முன்கம்பில் வரிசையாகக் கயிறு கட்டி, அண்ணாந்து பார்க்கும் உயரத்தில் தொங்கவிட்டிருப்பான். அந்தத் தெருவில் ஆடுகள் மனிதர்களுக்குச் சமமாகத் திரியும். கண் அயர்ந்தால் பின்னங்காலில் எழுந்து நின்று ஒரு சீப்பைக் காலி செய்துவிடும். செல்வி குள்ளம். கல்யாணமாகி இந்த மலையாள ஊருக்கு வந்த நாளிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தாள், "கயித்தைக் கொஞ்சம் இறக்கித்தான் கட்டுங்களேன். நீங்க இல்லாத நேரம் ஆளு வந்தா நான் முக்காலியத் தேடிக்கிட்டு நிக்கேன்."

"உனக்கு இறக்குனா ஆட்டுக்கும் இறக்குன மாதிரிதான்ளா" என்று அவன் ஒவ்வொரு தடவையும் சிரித்துத் தட்டிக் கழித்துவிடுவான்.

இப்போது இறங்கியிருக்கிறது. யாருக்காக?

பக்கத்தில் சாக்கு விரித்துப் பூக்கட்டும் ஒச்சம்மாளிடம் அதற்குப் பதில் இருந்தது.

"என்னடி, குலையையே மொறச்சுப் பாக்குற? ஆடுதான் வந்து நிக்குதோன்னு நெனச்சேன்."

"எப்பக்கா இறக்கிக் கட்டுனாரு?"

"போன வாரம். மாடி வீட்டு அம்மு வந்து கைய நீட்டிக்கிட்டு நின்னுச்சு. மறுநா பாத்தா இறங்கியிருக்கு. அந்தப் பிள்ளையும் உன் உயரம்தான?" ஒச்சம்மாள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "நா ஒண்ணும் சொல்லலம்மா. பூக்கட்டுறவளுக்கு என்ன தெரியும்."

அம்மு அவர்கள் குடியிருக்கும் அதே பழைய கட்டடத்தில், மேல்மாடியில் இருந்தாள். தோப்பும்படியில் ஒரு கிளினிக்கில் பிசியோதெரபி வேலை. கை கால் விளங்காதவர்களைப் பிடித்து நடக்க வைப்பாள். மத்தியானம் ஸ்கூட்டரில் வந்து இறங்கி, குளித்து, ஈர முடியை முதுகில் விரித்துப் போட்டுக்கொண்டு காய் வாங்க வருவாள். "அண்ணாச்சீ" என்று கடைசி எழுத்தை இழுப்பாள். அந்த இழுவையைக் கேட்கும்போதெல்லாம் செல்வியின் கத்தி வெண்டைக்காயைக் கொஞ்சம் வேகமாகவே நறுக்கும். இத்தனை நாள் அவ்வளவோடு போயிற்று. இன்று அவ்வளவோடு போகவில்லை.

ஏனென்றால் குலை மட்டுமில்லை. படுக்கையும் மாறியிருந்தது.

மதியம் கடையைச் சாத்திவிட்டு வந்து சாப்பிட்டுக் கொஞ்ச நேரம் படுப்பான். சுவரை ஒட்டி அவன், அவனுக்கு வலப்பக்கம் அவள். ஏதாவது பேசிக்கொண்டே அவள் பக்கம் திரும்பித் தூங்கிப் போவதுதான் வழக்கம். இப்போது சுவரைப் பார்த்துப் படுக்கிறான். தலைக்கு இரண்டு தலையணை வேறு. என்ன கேட்டாலும் சுவருக்குத்தான் பதில் சொல்கிறான்.

அன்று மத்தியானமும் அப்படித்தான் படுத்தான். செல்வியால் பொறுக்க முடியவில்லை. அவன் தோளைப் பிடித்து வெடுக்கென்று தன் பக்கம் திருப்பினாள்.

செல்லதுரை கட்டில் சட்டத்தை இறுகப் பற்றிக்கொண்டான். கண்ணை மூடிக்கொண்டான். முகம் வெளிறி, நெற்றியில் வியர்வை பொடித்தது.

"தொடாத! சும்மா கிட!"

இத்தனை வருடத்தில் அவன் அவளிடம் அந்தக் குரலில் பேசியதில்லை. செல்வி கையை எடுத்துக்கொண்டாள். தன் கை பட்டதற்கா இவனுக்கு இப்படி முகம் சுருங்குகிறது? கொஞ்ச நேரத்தில் அவன் மெதுவாக எழுந்து, கால்களைத் தொங்கப்போட்டுக் குனிந்தே உட்கார்ந்திருந்தான். பிறகு சுவரைத் தடவிக்கொண்டே வாசலுக்குப் போனான்.

"சாயா குடிச்சிட்டு வாரேன்."

சாயாக்கடைக்குத் தெருவில் இறங்க வேண்டும். செருப்புச் சத்தமோ மரப்படியில் மேலே ஏறியது.

செல்வி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். என்ன கேட்க வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு படிக்கும் ஒரு வாக்கியம் சேர்த்துக்கொண்டே ஏறினாள். அம்முவின் வாசலில் அவன் செருப்பு கிடந்தது. கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே பார்த்ததும் சேர்த்து வைத்த அத்தனை வாக்கியமும் மறந்து போயிற்று.

கட்டிலில் அவள் புருஷன் மல்லாந்து கிடந்தான். தலை மட்டும் கட்டில் விளிம்புக்கு வெளியே சற்றுத் தொங்கியது. அந்தத் தலையை அம்மு இரண்டு கையாலும் ஏந்தியிருந்தாள். அவள் விரல்கள் அவன் காதோரத்தில் இருந்தன. குனிந்து அவன் கண்ணுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எடுடி கைய!"

கத்திய பிறகுதான் மூலையில் அம்முவின் அம்மா உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருப்பது தெரிந்தது. அந்த அம்மாள் ஒரு இறாலைப் பாதி உரித்தபடியே நிமிர்ந்து பார்த்தாள்.

அம்மு கையை எடுக்கவில்லை. "சேச்சி, வழக்கு, சண்டை எல்லாம் பின்னே போடலாம். இப்ப விட்டா அண்ணாச்சி சர்த்திப்பார், வாந்தி எடுப்பார். இங்க வா. இந்தக் கண்ணைப் பாரு."

செல்வி பார்த்தாள். செல்லதுரையின் கருவிழிகள் தாமாகவே ஒரு பக்கமாக வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தன. அவள் கோபம் இருந்த இடத்தில் பயம் வந்து உட்கார்ந்தது.

"என்னத்த செஞ்ச அவர?"

"நான் ஒண்ணும் செய்யலை. அண்ணாச்சியின் காது செய்யுது. உள்காதுக்குள்ள பொடிமணல் மாதிரி கல்லு உண்டு. இவருக்கு வலது காதுல அது இடம் மாறி, வளைஞ்ச குழலுக்குள்ள போயிருக்கு. தலையை அந்தப் பக்கம் திருப்பினா, அண்ணாந்து பார்த்தா, கல்லு ஓடும். உலகமே சுத்துற மாதிரி தோணும். கொஞ்ச நேரத்துல தானே நிக்கும். அன்னிக்கு எனக்குப் பழம் வெட்ட அண்ணாந்தவர் தூணைக் கெட்டிப் பிடிச்சாரு. கண்டதும் கைய நீட்டிப் பிடிக்கப் போனேன்."

"டாக்டர்…"

"எங்க கிளினிக் விஸ்வநாத் டாக்டர் பார்த்து உறுதி சொன்ன பிறகுதான் நான் தொட்டேன். எல்லாத் தலைசுத்தும் இது கிடையாது சேச்சி. நாக்கு குழறினாலோ, கை தளர்ந்தாலோ, நிக்காமச் சுத்தினாலோ என்னைத் தேடண்டா, நேரே ஆசுபத்திரிக்கு ஓடணும்."

பேசிக்கொண்டே அவள் அவன் தலையை மெதுவாக இடப்பக்கம் திருப்பினாள். செல்வி அந்த விரல்களைப் பார்த்தாள். எந்த விரல் எங்கே இருக்கிறது, எவ்வளவு அழுத்துகிறது, எவ்வளவு நேரம் அங்கேயே நிற்கிறது என்று ஒன்று விடாமல் பார்த்தாள். ஒருத்தியை இவ்வளவு உற்று அவள் ஜென்மத்தில் பார்த்ததில்லை. அம்மு அவனை இடப்பக்கமாக உருட்டி, மூக்கு தரையைப் பார்க்க வைத்து, காத்திருந்து, பிறகு எழுப்பி உட்கார வைத்தாள்.

செல்லதுரை மனைவியைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னான், "தலை சுத்துதுன்னு சொன்னா நீ மொதல்ல என் வாயைத்தான மோந்து பாப்ப?"

அவன் குடியை விட்டு வருடங்கள் ஆகின்றன. ஆனாலும் அவன் கால் இடறினால் இன்றைக்கும் அவள் மூக்குதான் முதலில் போகும்.

"இன்னிக்கு இன்னொரு தடவை செஞ்சா மதி, போதும்" என்றாள் அம்மு. "இது திரும்பியும் வரலாம். வீட்டுல ஒருத்தர் படிச்சு வச்சா நல்லது."

"நவுரு" என்றாள் செல்வி. "நான் பிடிக்கேன்."

அம்மு நகர்ந்துகொண்டாள். செல்வி அவன் தலையை வலப்பக்கம் பாதி திருப்பிப் பிடித்து, அப்படியே சாய்த்து, கட்டில் விளிம்புக்கு வெளியே ஏந்தினாள். இத்தனை கனமா இந்தத் தலை! அவன் அவள் மணிக்கட்டைப் பற்றினான். கண்கள் மறுபடி ஓடத் தொடங்கின, முன்னைவிடக் குறைவாக.

"கண்ண மூடாதீங்க. என்னையே பாருங்க."

"எங்க பாக்க? நாலஞ்சு செல்வி ஓடுறாளுவ. ஒருத்தியையே சமாளிக்க முடியல."

மூலையிலிருந்த அம்மாள் சிரித்துவிட்டாள். செல்விக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணின் ஓட்டம் நிற்கும்வரை அசையாமல் பிடித்திருந்தாள். பிறகு இடப்பக்கம், பிறகு உருட்டல், பிறகு மூக்கு கீழே. அம்மு வாயைத் திறப்பதற்குள் ஒவ்வொன்றையும் செய்து முடித்தாள். "சேச்சிக்கு எங்க கிளினிக்ல வேலை தரலாம்" என்றாள் அம்மு. அதைக்கூடச் செல்வியால் நல்ல விதமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

படி இறங்கும்போது அவன் தோளைப் பிடித்துக்கொண்டு கேட்டாள், "இதுக்கு முன்ன எத்தனை தடவ?"

"என்னது?"

"அவ மடியில தலையக் குடுத்தது."

"மடி இல்லளா. கட்டில் விளிம்பு. நேத்து ஒரு தடவ, அவ்ளோதான்."

"குலைய இறக்குனது?"

"அண்ணாந்தாலே சுத்துதுல்லா. அதான்."

அம்முவுக்காக இல்லை. மனசு கொஞ்சம் ஆறியது. இரண்டு படி இறங்கியதும் வேறொன்று உறுத்தியது. தனக்காகவும் இல்லை.

மறுவாரம் செல்லதுரைக்குத் தேவலாம் போலிருந்தது. எழுந்திருக்கும்போது மட்டும் கட்டில் ஓரத்தில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு எழுந்தான். மத்தியானங்களில் இரண்டாவது தலையணை போயிற்று. ஒரு நாள் பேசிக்கொண்டே அவள் பக்கம் திரும்பினான். திரும்பியதை அவனே கவனிக்கவில்லை. செல்வி மூச்சுக்கூட விடாமல் கிடந்தாள்.

அதற்கு மறுநாள் காலையில் கடையில் கயிறுகளை அவிழ்க்கத் தொடங்கினான்.

"இனி பழையபடி மேல ஏத்திரலாம். நேத்து ஒரு சீப்பை ஆடு இழுத்துட்டு."

செல்வி கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். "இருக்கட்டும்."

"ஆடு?"

"ஆட்ட நான் பாத்துக்கிடுதேன்."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். குலையைப் பார்த்தான். மறுபடி அவள் முகத்தைப் பார்த்தான். மாடிப்படியில் பாதியிலேயே நின்றுபோன பேச்சு அவனுக்கு அப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும்.

"கைய நீட்டு" என்றான்.

அவள் நீட்டினாள். அவள் விரல் நுனி அடிச்சீப்பைத் தொடும் இடத்துக்குக் குலையைச் சற்று உயர்த்தி, முடிச்சை இறுக்கினான். ஒச்சம்மாள் பூவைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தாள்.

மத்தியானம் ஸ்கூட்டர் வந்து நின்றது. "அண்ணாச்சீ, பழம்" என்று அம்மு கையை நீட்டினாள். விரல் எட்டவில்லை. இன்னும் நீட்டினாள். அப்போதும் எட்டவில்லை.

அவள் தன்னைவிட ஒரு விரற்கடை குள்ளம் என்பது செல்விக்கு அன்றுதான் தெரிந்தது. முக்காலியில் உட்கார்ந்திருந்தவள் சாவகாசமாக எழுந்து, நல்ல பழுத்த சீப்பாகப் பார்த்து அறுத்து, அம்முவின் கையில் கொடுத்தாள்.