துரைராசு கடாரம் கொண்டது

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு சோழநாட்டுக் கப்பல்கள் கடல் கடந்து போய்க் கடாரத்தை வென்றன. அதற்குப் பிறகு அந்தத் திசையில் வெற்றி உலா செல்லும் முதல் மகன் கீழவடகால் துரைராசுதான் என்று ஆற்றுப்பால முனையில் கட்டிய பிளெக்ஸ் அறிவித்தது. அதில் அவர் குதிரைமேல் வாளோடு இருந்தார்; கழுத்துக்கு மேலே மட்டும் அவர். உண்மையில் அது மூன்று நாள் சுற்றுலா. அந்தப் பாலத்தில் போய்வருகிற பாதிப் பேர் மலேசியாவில் சலூனிலும் சாப்பாட்டுக் கடையிலும் வருஷக்கணக்கில் நின்று கால் வீங்கித் திரும்பியவர்கள்தான். ஆனால் வேலைக்கில்லாமல், சும்மா பார்க்கவும் சாப்பிடவும் போகிற முதல் ஆள் தான்தான் என்பதில் துரைராசுவுக்கு அசைக்க முடியாத பெருமை. மூன்றாம் நாள் காலை, கோலாலம்பூரில், நாலாவது ரொட்டி சானாயைப் பிய்க்கும்போது அவர் இறந்துபோனார். இறந்தபின் மாலை வரை ஊர் சுற்றிப் பார்த்தார்.

கூடப் போயிருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் பள்ளிக்கூடத்திலிருந்தே கூட்டாளியான உரக்கடைத் தியாகராசன். இன்னொருவர் சித்தீக், இளவயதில் அதே நகரத்தில் சமையல் வேலை பார்த்துவிட்டு இப்போது பேராவூரணியில் தேங்காய் மண்டி வைத்திருப்பவர். இருவரும் துரைராசுவைக் கைத்தாங்கலாகப் பக்கத்துக் கிளினிக்குக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்த தமிழ் டாக்டரம்மா குழலை நெஞ்சில் வைத்துப் பார்த்து, மாற்றி வைத்தும் பார்த்து, உயிர் போய் அரைமணி ஆகிறது என்றார். துரைராசு எழுந்து உட்கார்ந்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "ரெட்டைக் கோபுரத்த எத்தன மணிக்கு மூடுவாங்க?" என்று கேட்டார். டாக்டரம்மா பதறவில்லை. தன் தாத்தா பட்டுக்கோட்டைப் பக்கத்துக்காரர் என்றும், அந்தப் பக்கத்துப் பிணங்கள் உரிய கையால் அரிசி விழாமல் அடங்காது என்று வீட்டில் சொல்லக் கேட்டிருப்பதாகவும் சொல்லிவிட்டு, அடுத்த ஆளை உள்ளே அனுப்பச் சொன்னார்.

சிக்கல் அதில்தான் இருந்தது. எங்கள் பக்கத்தில் இறந்தவர் வாயில் சொந்தபந்தமெல்லாம் அரிசி போட்டுத்தான் அனுப்பிவைப்பார்கள். முதல் பிடி பெற்ற பிள்ளையுடையது. மனைவியை இழந்த துரைராசுவுக்கு ஒரே பிள்ளை, எழில்மொழி. வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துத் தெருவில் பிறந்து வேளாண்மை அதிகாரியான பகலவனை அவள் பதிவுத் திருமணம் செய்துகொண்ட வாரத்தில், துரைராசு சாதி ஒழிப்பு மாநாட்டுக்கு வரவேற்புக் குழுத் தலைவராக இருந்தார். மாநாட்டுக்கு எடுத்த மைக்செட்டைத் திருப்பி அனுப்புமுன் அதே மைக்கை வாங்கி, "நான் செத்தா அவ கையால வாய்க்கரிசி விழக் கூடாது" என்று கடைத்தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். சொன்ன சொல் மாறாதவர் என்று அன்றைக்கு ஏற்பட்ட பெயரைத்தான் எட்டு வருஷமாகச் சோறு போல உண்டு வாழ்ந்தார்.

ஆகவே பார்க்க வேண்டியதைப் பார்த்தார்கள். கடைத்தொகுதியின் கண்ணாடிக் கதவு ஆள் வந்தால் தானாகத் திறக்கும், துரைராசுவுக்குத் திறக்கவில்லை. இருவருக்கும் நடுவில் புகுந்து உள்ளே போனார். கோபுரத்தின் முன் படமெடுக்கும்போது, "துரை, கண்ண மூடாத" என்று தியாகராசன் வழக்கம்போல் சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். பத்துமலையில் பிணத்தைக் கோயிலுக்குள் கூட்டிப்போனால் தீட்டாகாதா என்று தியாகராசனுக்குச் சந்தேகம் வந்தது. "பொணமே படியேறி வருதுங்க. சாமி என்ன திரும்பிப் போன்னா சொல்லப்போவுது?" என்றார் சித்தீக். மற்ற இருவரும் படிக்குப் படி நின்று இரைக்க, மூச்சு வாங்க வேண்டிய அவசியமில்லாத துரைராசு விறுவிறுவென்று முன்னால் ஏறிப்போய் மேலே காத்திருந்தார். அங்கே சித்தீக்கைத் தனியாக அழைத்து, "எனக்குப் படுக்கணும்டா. ஒடம்பு நாத்துக்கட்டு சொமந்த மாதிரி கெடக்கு. சாஞ்சா ஆணி அடிச்ச மாதிரி தூக்கி நிறுத்துது" என்றார். அவர் அப்படிக் கெஞ்சி யாரும் கேட்டதில்லை.

மதியம் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில், ஒரே தெருக்காரன் என்ற முறையில் தியாகராசன் சமையலறையில் ஒரு பிடி பச்சரிசி கேட்டு வாங்கிவந்து நண்பர் வாயில் போட்டார். அரிசி நாக்கில் நின்றது, உள்ளே இறங்கவில்லை. "தாய்லாந்து அரிசிடா இது. சப்புனு இருக்கு" என்று துரைராசு இலை ஓரத்தில் துப்பினார். பிறகு மீன்குழம்பு கேட்டார். பசியும் இல்லை, நிறைவும் இல்லை, வந்ததையெல்லாம் உண்டார். சித்தீக் எழுந்துபோய்க் கைகழுவும் இடத்தில் நின்று திருவாரூரிலிருக்கும் எழில்மொழிக்குப் போன் போட்டார்.

"பாப்பா, அப்பா காலையில தவறிட்டாரும்மா."

 "எங்க வச்சிருக்கீங்க, சித்தப்பா?" என்று கேட்டாள்.

"எங்கயும் வைக்கலம்மா. எதுத்தாப்புல மீன் தின்னுக்கிட்டு இருக்காரு. நீ வந்தாத்தான் படுக்க முடியும்னு டாக்டரம்மா சொல்லுது."

"வேணாம்னு மைக்குல சொன்னாரு. வேணும்னு போன்லயாவது சொல்லச் சொல்லுங்க. ஏர்போர்ட்டுக்கே அரிசியோட வந்து நிக்கிறேன்."

சித்தீக் போனை நீட்டினார். "அண்ணே, ஒரே வார்த்த. 'வாம்மா'ன்னா முடிஞ்சுது."

துரைராசு போனைப் பார்த்தார். முள்ளை விரலால் எடுத்து இலையில் வைத்தார். "சாப்புடுறப்ப என்னடா பேச்சு" என்றார். மறுமுனையில் எழில்மொழி போனை வைக்கும்வரை சித்தீக் கையை நீட்டியபடியே இருந்தார்.

மாலையில் வெயில் வேலையைக் காட்டத் தொடங்கியது. விரல்கள் விறைத்தன, மணமும் வந்தது. யோசனை சித்தீக்குடையது: நாற்றத்துக்குப் பேர்போன டுரியான் பழம் ஒரு கிலோ வாங்கி அவர் மடியில் வைத்தார்கள். வாடகைக் காரோட்டி பாதிவழியில் இறக்கிவிட்டபோதும் பழத்தைத்தான் திட்டினான். விமானத்தில் துரைராசு சன்னலோரம் உட்கார்ந்து, கீழே கடல் தெரிகிறதா என்று பார்த்தபடியே வந்தார். பாஸ்போர்ட் செல்லுபடியாக இருந்ததால் திருச்சியில் எந்தத் தொந்தரவும் இல்லை.

ஊரில் வரவேற்புக்குச் சொல்லிவைத்திருந்த மேளக்காரர்கள், மாப்பிள்ளை அழைப்பு அடியா சாவு அடியா என்று கேட்டார்கள். பதில் சொல்ல ஆளில்லாததால் இரண்டையும் கலந்து அடித்தார்கள். அண்ணன் மகன்கள் குளித்து ஈர வேட்டியோடு வரிசையில் நின்றார்கள். நிலத்தின்மேல் கண்ணிருந்த மூத்தவன் அரிசியைக் கரண்டிக் காம்பால் திணித்துப் பார்த்தான். பதர் போல அத்தனையும் வெளியே வந்தது. "எழில்மொழி அக்காவக் கூப்புடுங்க, பெரியவரே" என்று கூட்டத்தில் யாரோ முனகினார்கள். "நான் சொன்ன சொல்லு சொல்லுதான்" என்றார் துரைராசு. பழைய பழக்கத்தில் சிலர் கைதட்டினார்கள். தெருமுனை வரை வந்து காரிலேயே உட்கார்ந்திருந்த எழில்மொழி அந்தக் கைதட்டலைக் கேட்டுவிட்டுத் திருவாரூர் திரும்பினாள். கிராம நிர்வாக அலுவலகத்தில், சம்பந்தப்பட்டவர் நேரில் வந்தால்தான் இறப்பைப் பதிய முடியும் என்றார்கள். நேரில் போனதும், நேரில் வந்துவிட்டதால் பதிய முடியாது என்றார்கள்.

இரண்டு சம்பா அறுவடை முடிந்துவிட்டது. துரைராசு கொப்பரைபோல வற்றிவிட்டார், இப்போது மணமில்லை. கல்யாணங்களுக்கு அவரைக் கூப்பிடுவதில்லை, சாவுகளுக்குத் தவறாமல் கூப்பிடுகிறார்கள். யாரோ ஒருவர் பாடையில் நிம்மதியாக மல்லாந்து கிடப்பதைப் பக்கத்தில் நின்று வெகுநேரம் பார்ப்பார். ஊருக்கு அது பழகிவிட்டது. ராத்திரி முழுக்க அவர் விழித்திருப்பதால் வயலில் பம்புசெட்டு மோட்டார் திருட்டு குறைந்துவிட்டது என்றுகூடப் பேசிக்கொள்கிறார்கள். வெள்ளிக்கிழமைகளில், களத்துமேட்டில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, அவர் மகளுக்குப் போன் போடுகிறார். அவள் எடுத்து "அப்பா?" என்றதும், "ராங் நம்பர்" என்று சொல்லி வைத்துவிடுகிறார்.