மூன்றாம் மாடிவாசி

அந்தச் சுவரொட்டியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டேன். எங்கள் குடியிருப்பின் கீழ்வாசலில், பூட்டிய கண்ணாடிப் பெட்டிக்குள், பளபளவென்று போலீஸ்காரர்கள் ஒட்டியிருந்தார்கள். 'நீங்கள் சொன்னீர்கள்: குப்பைக் கொட்டகையில் திருட்டு சைக்கிள்கள். நாங்கள் செய்தோம்: ஒன்பது சைக்கிள்கள் பறிமுதல். தகவல் தந்த மூன்றாம் மாடிவாசிக்கு நன்றி.'

மூன்றாம் மாடியில் நாலு வீடு. சுவரெல்லாம் ஈரம் என்று, குடியிருப்பை நடத்தும் கவுன்சில்காரர்கள் இரண்டைப் பலகை அடித்து மூடி வருஷமாகிறது. எதிர்வீடு பிர்கெட் பெரியவருடையது. இடுப்பெலும்பு முறிந்து ஒரு மாதமாக ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். மிச்சம் நான்தான்.

நூலகத்தில் மாதம் ஒருநாள் போலீஸ்காரர்கள் டீ கொடுத்துக் குறை கேட்பார்கள். எனக்கு வாய் சும்மா இருக்குமா? என்னோடு பள்ளிச் சமையலறையில் வேலை செய்கிறவளின் சைக்கிள் அந்தக் கொட்டகைக்குள் போனதைக் கண்ணால் பார்த்தவள் நான். எங்கள் பகுதிக் காவலர் ரோரியிடம் கொட்டகையை மட்டும் சொன்னேன். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனவன் தரைத்தளத்து டேமியன் என்று சொல்லத் தைரியம் வரவில்லை.

சுவரொட்டியைப் பார்த்த கையோடு ரோரிக்குப் போன் போட்டேன்.

"பேரே போடலையே, ஹேஸல்!" என்றான் பெருமையாக.

"மாடியப் போட்டிருக்கியேப்பா! அங்க இப்ப நான் ஒருத்திதானே இருக்கேன்?"

"அச்சச்சோ. பெட்டிச் சாவி கவுன்சில்ல இருக்கு. திங்கக்கிழமை எடுத்துடறேன்."

அன்று வியாழன். திங்கள்வரை யார் காத்திருப்பது? வெண்ணெய்க் கத்தியை எடுத்துப்போய்ப் பெட்டியின் பூட்டை நெம்பிக்கொண்டிருந்தேன். பின்னால் குரல் கேட்டது.

"என்ன ஆன்ட்டி, கண்ணாடி தொடைக்கிறீங்களா?"

டேமியன். கத்தியைக் கோட்டுக் கைக்குள் தள்ளினேன். அவன் நிதானமாகப் படித்தான். ஒரு தடவை, இன்னொரு தடவை.

"மூணாவது மாடியாம்." என் முகத்தைப் பார்த்தான். "நீங்க இல்லியே?"

நான் மறுகையால் கண்ணாடியைத் துடைத்தேன்.

"அந்தக் கெழம்தானே? நாள் பூரா ஜன்னல்லயே உக்காந்திருக்குமே. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னால வத்தி வச்சிட்டுப் போயிருக்கு, என்ன?"

"அவருக்கு வேற என்ன வேல," என்றேன்.

பொய் என்று யாரும் அதைப் பிடிக்க முடியாது. ஆனால் அந்த நாலு வார்த்தையில் நான் தப்பித்துக்கொண்டேன். ஆஸ்பத்திரிக்குள் போய் யார் அவரை என்ன செய்துவிடப் போகிறார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டு மாடியேறினேன்.

மறுநாளே பெரியவரை ஆம்புலன்ஸில் வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள்.

சூப் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். நடக்க உதவும் கம்பிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, கதவு திறக்கவே ஒரு யுகம் எடுத்தார். "ஜாக்கிரதையா இருங்க" என்றுகூட எனக்குச் சொல்ல வரவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பாரே.

சனிக்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். வெளியே காலடிச் சத்தம். கதவின் சிறு கண்ணாடி வழியாகப் பார்த்தேன். டேமியன் எரிகிற துணி ஒன்றைப் பெரியவர் கதவின் தபால் துவாரத்துக்குள் திணித்துக்கொண்டிருந்தான்.

"ஹேஸல்! ஹேஸல், நெருப்பு!"

பெரியவரின் குரல். அவர் வீட்டு மாற்றுச்சாவி என் சுவரில் ஆணியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. என் கை அதன்மேல் இருந்தது. ஆனால் டேமியன் போகவில்லை. திரும்பி என் கதவையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். பெரியவர் என் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே இருந்தார். பயம், அப்படியொரு பயம். அவன் படியிறங்கும்வரை நான் அசையவில்லை.

அப்புறம் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினேன், பாத்திரம் கழுவும் தொட்டித் தண்ணீரோடு. கால்மிதி எரிந்து கருகியிருந்தது. பெரியவர் தரையில் கிடந்தார். துணியை வெறுங்கையால் அடித்து அணைக்கப் பார்த்திருக்கிறார். வலது உள்ளங்கை வெந்துபோயிருந்தது.

கட்டுப் போட்டுவிட்டு ஆம்புலன்ஸ்காரர்கள் போன பிறகு ரோரி குறிப்புப் புத்தகத்தோடு வந்தான். "யாரையாவது பாத்தீங்களா, ஹேஸல்? பேரு வெளிய வராது."

மாடித் தாழ்வாரத்து ஜன்னல் வழியே கீழே பார்த்தேன். முற்றத்தில் டேமியன் சிகரெட் பிடித்தபடி அண்ணாந்து நின்றான்.

"இல்ல. சத்தம் கேட்டுத்தான் வந்தேன்."

ரோரி எழுதிக்கொண்டு போனான். நான் மண்டியிட்டு ஈரத்தைத் துடைக்க ஆரம்பித்தேன்.

"கீழ ஒட்டியிருக்கறத வரும்போதே படிச்சேன். இந்த மாடியில நாம ரெண்டு பேர்தான்," என்றார் பெரியவர். "நான் யாருகிட்டயும் ஒண்ணும் சொல்லல, ஹேஸல்."

நான் தலை நிமிரவில்லை. துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தேன்.

கட்டுப் போடாத கையை நீட்டினார்.

"என் சாவியக் குடுத்துடும்மா."