நிறுவாமலே பார்க்கலாம்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பொய்யிலிருந்து வந்தது. பொய் என்னுடையது, பென்டிரைவ் என் தம்பியுடையது. இரண்டும் இன்று, ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு, ஒரே லேப்டாப்பில் சந்தித்துக்கொண்டன. இப்போது மத்தியானம். சூட்டோடு சூடாக எழுதுகிறேன், அங்கங்கே மேடு பள்ளம் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் வரியை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

"கட்டைவிரல் அளவே இருந்த அந்தப் பொருள் ஒரு குடும்பத்தின் விதியை" – போதும். விதி என்று எழுதினாலே எனக்குக் கொட்டாவி வருகிறது.

"இளவெயில் ஜன்னல் வழியே நுழைந்து" – வெயில் வந்ததா இல்லையா என்று யார் பார்த்தது?

"அவள் ஒரு நாவலாசிரியர்." – இது அப்பட்டமான புளுகு. ஆனால் ஒன்பது வருடமாக எல்லோரும் நம்பிய புளுகு என்பதால் இதையே வைத்துக்கொள்வோம்.

(அந்த 'அவள்' நான்தான். கொஞ்ச நேரம் ஒளிந்துகொள்ளலாம் என்று பார்த்தேன்.)

2

எங்கள் லேப்டாப் திறப்பதற்குப் பதினோரு நிமிடம் ஆகும். கூட்டிச் சொல்லவில்லை, கடிகாரத்தை வைத்துக்கொண்டு பார்த்திருக்கிறேன். திறந்த பிறகும் ஒரு எழுத்தைத் தட்டினால் அது யோசித்து, மனசு வந்தால்தான் திரையில் தெரியும். இதைக் குறை என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு அது பெரிய உபகாரம். "நாவல் எந்த மட்டுக்கு வந்திருக்கு?" என்று யாராவது கேட்டால், "எங்க, இது திறந்தாத்தானே" என்று ஒரு பெருமூச்சு விடுவேன். ஐயோ பாவம் என்பார்கள்.

நாவல் என்று சொன்னேன் இல்லையா? ஒன்பது வருடத்துக்கு முன்னால் தொடங்கினேன். பதினான்கு பக்கம் மளமளவென்று வந்தது. பதினைந்தாவது பக்கத்தில் நாயகி ஒரு கதவைத் திறக்க வேண்டும். திறக்கவே மாட்டேன் என்று நின்றுவிட்டாள். நானும் கெஞ்சினேன், மிரட்டினேன், பெயரைக்கூட மாற்றிப் பார்த்தேன். அசையவில்லை. அதற்குப் பிறகு நான் ஒரு வரியும் எழுதவில்லை. இது எனக்கு மட்டும் தெரிந்த விஷயம். மற்றவர்களிடம் "முடியப் போகுது" என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

3

இனி, பாத்திரங்கள். தம்பிமேல் எனக்குச் சந்தேகமே இல்லை, அவனை எல்லோரும் நம்புவார்கள். கடை கடையாகப் போய் பில் அடிக்கிற மெஷினையும் பிரிண்டரையும் பழுது பார்க்கிறவன். மெதுவாக ஓடுகிற எதைக் கண்டாலும் அவனுக்குக் கை அரிக்கும்.

என் சந்தேகமெல்லாம் என் வீட்டுக்காரர்மேல்தான். கதைக்குள் கொண்டுவந்தால் ஒருவரும் நம்ப மாட்டார்கள். மூக்குக்கண்ணாடிக் கடையில் பவர் பார்க்கிற வேலை அவருக்கு. "கீழ் வரி தெரியுதா சார்? என் வீட்டம்மா நாவல் எழுதறாங்க. இப்ப தெரியுதா?" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். சாயங்காலச் சமையல் அவருடையது. நான் அறைக்கதவைச் சாத்தினால் டிவியைக் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு பார்ப்பார். ஐந்து வருடத்துக்கு முன்னால், கடலோர ஊர் ஒன்றில் புதுக் கிளை திறந்து, அதை இவர்தான் நடத்த வேண்டும் என்று முதலாளி கேட்டார். இவர் இரண்டு நாள் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "வேண்டாம்னு சொல்லிட்டேன். நடுவுல இடம் மாறினா உன் எழுத்து பாதியில நிக்கும்" என்றார். நான் அப்போதாவது வாயைத் திறந்திருக்க வேண்டும். "தேங்க்ஸ்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

இவ்வளவு நல்லவரைக் கதையில் வைத்தால் எந்தப் பத்திரிகை ஆசிரியரும் "ஒரு குறையாவது கொடுங்கம்மா" என்பார். கொடுத்துப் பார்த்தேன். குறட்டை விடுவார். (உண்மை. ஆனால் இதையெல்லாம் ஒரு குறை என்று எழுதினால் சிரிப்பார்கள்.) வேறு? ஒன்பது வருடத்தில் ஒரு பக்கத்தைக்கூடக் காட்டு என்று கேட்டதில்லை. "முடிச்சதும் முழுசாப் படிக்கிறேன்" என்பார். கேட்டிருந்தால் இரண்டாவது வருடமே மாட்டியிருப்பேன்.

(பார்த்தீர்களா, நைசாகப் பழியை அவர் தலையில் கட்டுகிறேன்!)

4

காலையில் தம்பி வந்தான்.

"அக்கா, மெஷின்ல ஒரு கோளாறும் இல்ல. உள்ள இருக்கற சிஸ்டம்தான் குண்டு. ஒல்லியா ஒண்ணு கொண்டாந்திருக்கேன்."

"உன்னை யாருடா கூப்பிட்டா?"

"மாமாதான்."

வீட்டுக்காரர் வெட்கப்பட்டுக்கொண்டு சிரித்தார். "உன் வேலை சீக்கிரம் முடியட்டுமேன்னுதான்."

தம்பி பென்டிரைவைச் செருகி, ஒரு பொத்தானைத் தட்டு தட்டென்று தட்டினான். கறுப்புத் திரையில் இரண்டே வரி வந்தது. நிறுவாமலே பார்க்கலாம் என்று ஒன்று, நிறுவலாம் என்று ஒன்று.

"முதல்ல சும்மா பாப்போம்க்கா. டிஸ்க்கைத் தொடவே தொடாது, எல்லாம் மெமரியிலதான் ஓடும். ஆஃப் பண்ணினா நடந்ததே இல்ல."

முப்பத்தெட்டு நொடி. வெறும் நீலத் திரை, கீழே ஒரு பட்டை, ஓரத்தில் நாலு சின்னப் படம். எப்போதும் உறுமிக்கொண்டே இருக்கும் விசிறிகூட வாயை மூடிக்கொண்டது. வீட்டுக்காரர் கை தட்டினார்.

"அடேங்கப்பா! அந்தப் பழசை வச்சுக்கிட்டா ஒன்பது வருஷமா அவ கஷ்டப்பட்டா!" என்று மௌஸைத் தானே வாங்கிக்கொண்டார். "இது என்ன மச்சான்?"

"உள்ள இருக்கற டிஸ்க், மாமா. பழைய ஃபைலெல்லாம் அதுலதான்."

நான் அலட்டிக்கொள்ளவில்லை. பதினாறு எழுத்துப் பாஸ்வேர்டு போட்டிருக்கிறேன், இவர் எங்கே திறக்கப் போகிறார் என்று நின்றேன். இரண்டு தட்டுத் தட்டினார். திறந்துகொண்டது.

நான் தம்பி பக்கம் திரும்பினேன். "பாஸ்வேர்டு கேக்கலியே?"

"அது பழைய சிஸ்டத்தோட வாசக்கதவுக்குதான்க்கா. நாம அந்த வழியா வரவே இல்லியே."*

*அடிக்குறிப்பு: டிஸ்க்குக்கே தனியாகப் பூட்டுப் போட வேண்டுமாம். என்னைப்போல் மறைக்க விஷயம் உள்ளவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

'நாவல்' என்று ஒரு ஃபோல்டர். அதற்குள் இருபத்து மூன்று ஃபைல்கள். நாவல், நாவல் புதிது, நாவல் இறுதி, நாவல் இறுதி 2, நாவல் இறுதி உண்மையாகவே. நாயகியின் பெயரை மாற்றும்போதெல்லாம் ஒன்று சேமித்தது. வீட்டுக்காரரின் முகம் பூரித்துப்போய்விட்டது. "இவ்வளவா!" என்று முதலாவதைத் திறந்தார். பதினான்கு பக்கம். அடுத்ததைத் திறந்தார், பதினான்கு. அதற்கடுத்தது, பதினான்கு. பழைய சிஸ்டமாக இருந்தால் இரண்டாவது ஃபைல் திறப்பதற்குள் அவர் எழுந்து குளிக்கப் போயிருப்பார். இந்தப் பாழாய்ப்போன ஒல்லி சிஸ்டம் கண் இமைப்பதற்குள் ஒவ்வொன்றையும் திறந்து திறந்து காட்டியது.

"அக்கா, எல்லாம் ஒண்ணேதான். இருபத்திரண்டைத் தூக்கிட்டா இடமாவது மிச்சம்" என்றான் தம்பி. அவனை முறைத்தேன்.

கடையில் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்பாரே, அதே பொறுமையான குரலில் அவர் கேட்டார்: "இதுவா? இல்ல, இதுவா? எதும்மா முழுசு?"

நான் தம்பியிடம் சொன்னேன்: "பார்த்தது போதும். நிறுவிடுடா."

"பழசெல்லாம் அழிஞ்சிடும்க்கா. காப்பி எடுத்து வச்சிருக்கியா?"

"இருக்கு."

இல்லை. அழிந்தால் நல்லது என்றுதான் சொன்னேன். 'பாதகா, என் எண்ணூறு பக்கத்தையும் அழிச்சிட்டியே' என்று தம்பியைப் பிடித்து உலுக்குகிற காட்சிகூட அந்த ஒரு நொடிக்குள் மனதில் ஓடியது. அவன் கையை நீட்டினான். வீட்டுக்காரர் மௌஸை விடவில்லை.

"பதினாலு பக்கம்தானா?" என்றார் என்னைப் பார்த்து.

"ஆமா."

மௌஸை வைத்தார். எழுந்தார். செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். தம்பி தலையைச் சொறிந்தான். ஒரு பிரிண்டர் வேலை பாக்கி இருப்பதாக ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாகச் சொல்லிவிட்டு, பென்டிரைவைக்கூட எடுக்காமல் நழுவினான்.

5

இங்கே கதையை முடிக்கச் சில வழிகள் இருந்தன.

(அ) அவர் திரும்பி வந்து விழுந்து விழுந்து சிரிக்கிறார். "எனக்கு முன்னாடியே தெரியும், லூசு." – இது எனக்கு வசதியான முடிவு. அதனாலேயே அடித்துவிட்டேன். அவருக்குத் தெரியாது. அவர் முகத்தை நான் பார்த்தேன்.

(ஆ) அவர் திரும்பியே வரவில்லை. நாற்பது வருடம் கழித்து ஒரு கடற்கரையில், நரைத்த தலையோடு – ச்சீ. பர்ஸ் மேஜைமேல் இருக்கிறது. பர்ஸ் இல்லாமல் எத்தனை தூரம் போவார்?

(இ) நான் லேப்டாப்பை ஆஃப் செய்கிறேன். நடந்ததே இல்லை என்று ஆகிவிடுகிறது. மெஷினுக்கு அந்த வசதி உண்டு. வீட்டுக்காரருக்குக் கிடையாது.

எதுவும் தேறவில்லை. வீட்டில் யாரும் இல்லை. எனக்கு அசிங்கமாக இருந்தது, கொஞ்சம் அழுதேன், மூக்கைச் சிந்தினேன். பிறகு அந்த நீலத் திரையிலேயே ஒரு வெற்றுப் பக்கம் திறந்து, 'இந்தக் கதை எங்கிருந்து வந்தது' என்று தட்டினேன். தட்டத் தட்ட எழுத்து வந்தது. சாக்குச் சொல்ல ஒன்றுமே இல்லை. ஒன்பது வருடத்தில் நான் எழுதியது இதுதான் என்று சொன்னால் சிரிக்காதீர்கள்.

(சிரித்தாலும் பரவாயில்லை.)

6

செருப்புச் சத்தம். வந்துவிட்டார். நிறுத்தலாமா என்று பார்த்தேன், கை நிற்கவில்லை. வந்து பின்னால் நிற்கிறார்.

"என்ன எழுதறே?"

"இன்னிக்கு நடந்ததை."

"நான் இருக்கேனா?"

"இருக்கீங்க. ரொம்ப நல்லவரா இருக்கீங்க. நம்பற மாதிரி இல்ல."

அவர் சிரிக்கவில்லை. "எவ்வளவு தூரம் வந்திருக்கு?"

இந்தக் கேள்விக்கு ஒன்பது வருடமாகப் பெருமூச்சு விட்டவள் நான். இன்று திரையை மேலே உருட்டி முதல் வரியிலிருந்து காட்டினேன். குனிந்து படித்தார். குறட்டையைப் பற்றிய இடத்தில் "ம்" என்றார். மூன்றாவது பகுதியில் கடலோர ஊர் வருகிற இடத்தை இரண்டு தடவை படித்தார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "நகரு" என்றார்.

நகர்ந்தேன். அவருக்கு ஒற்றை விரல் டைப்பிங். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினார். இதோ, நான் ஒரு புள்ளியைக்கூட மாற்றவில்லை:

அந்த ஊர் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

தட்டிவிட்டு கீபோர்டை என் பக்கம் தள்ளினார். "உன் முறை" என்றார்.

'மன்னிச்சிடுங்க' என்று எழுதினேன், அழித்தேன். 'இப்பவும் போகலாமே' என்று எழுதினேன், அந்தக் கிளையில் இப்போது வேறு ஆள் இருக்கிறார், அதையும் அழித்தேன். ஒரு நல்ல நகைச்சுவை வந்தது. எழுதவில்லை.

வாசகரே, நீங்கள் என் இடத்தில் இருந்தால் இதற்குக் கீழே என்ன எழுதுவீர்கள்? நான் எத்தனை நேரம் எடுத்துக்கொண்டாலும் அவர் காத்திருப்பார், அதுதான் கஷ்டமாக இருக்கிறது. பக்கத்திலேயே உட்கார்ந்து, கையை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, நான் தட்டுகிற ஒவ்வொரு எழுத்தையும் வாசித்துக்கொண்டே வருகிறார். இந்த வரியையும்.